கடவை

ஏழு பத்துக்கு ரயில்.
கேற்றை இறக்குகிறேன்.
தண்டவாளம் ஒரு பெரிய நாடு போட்டது.
அதைக் குறுக்கே வெட்டிப் போகிற தார் றோட்டு
அதன் அயல்நாடு போட்டது.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு மரத்தடி, ஒரு சிவப்புத் துணி,
நாட்கூலிக்கு நான்.

அளக்க வந்த பொறியியலாளர்கள்
வேறு வேறு மாதத்தில் வந்தார்கள்.
கேட்டது மட்டும் ஒரே கேள்வி:
மற்றவன் எவ்வளவு அகலத்துக்குப் போட்டிருக்கிறான்?

அப்போது எனக்கு இருபத்தாறு.
கிளிநொச்சியில் செய்தி கேட்டு எழுதுகிற வேலை.
பற்றரி வரத்து நின்ற பிறகு
சைக்கிளை நிமிர்த்தி வைத்து, டைனமோவில் ரேடியோ.
புவனலோஜினி மிதிப்பாள், நான் எழுதுவேன்:
கடலுக்கு அந்தப் பக்கத்தவன்
இந்தக் கிழமை எத்தனை தரம் ‘கவலை’ என்றான்,
முன்னால் ‘ஆழ்ந்த’ இருந்ததா, இல்லையா.
‘ஆழ்ந்த’ வந்த அன்று
குலவீரசிங்கம் அண்ணை
ஒளித்து வைத்த சீனியை எடுத்தார்.
எல்லாருக்கும் இனிப்பான தேத்தண்ணி.

பனிமலைக்கு அப்பால் இருப்பவன் கவலையே படவில்லை.
அவன் செய்தியில் நாங்கள் வரமாட்டோம்.
துறைமுகம் வரும், அதன் ஆழம் வரும், வட்டி வரும்.
அவனைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன்,
வெற்றிலைக் கடைக் கடனுக்குப் பக்கத்தில்.

நாங்கள் மட்டும் கணக்குப் பார்க்காதவர்களா?
அவன் கால் வைத்தால்
இவனுக்கு நாங்கள் தேவைப்படுவோம்,
அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார்.
நானும் தலையாட்டினேன்.
லோஜினி மட்டும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
“தேவைப்படாட்டி?”
ரேடியோ அணைந்துபோனது.
“மிதி பிள்ளை” என்றார் அண்ணை.

கனகாலம் கழித்துத்தான் விளங்கியது.
இவன் எங்களைப் பார்க்கவே இல்லை.
எங்கள் தோளுக்கு மேலால்
அவனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
நான் கொடுக்காவிட்டால் அவன் கொடுப்பான்
என்று இவன் கொடுத்தான்.
இவன் கொடுத்துவிட்டான் என்று
அவன் கூடக் கொடுத்தான்.
மலையிலே முறைத்துக்கொண்டு நின்றவர்கள்
எங்கள் களப்பங்கரையில் ஒரே பக்கம் நின்றார்கள்.

சைக்கிளை இரணைப்பாலையில் கண்டேன்.
விழுந்து கிடந்தது.
டைனமோ இன்னும் சில்லை அழுத்தியபடி.
அவளைப் பற்றி அவ்வளவுதான் எழுதுவேன்.

போன மாதம் ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார்.
யானைகள் சண்டை பிடித்தால் நசிவது புல் என்று
ஏதோ ஒரு தேசத்துப் பழமொழி சொன்னார்.
நான் அவருக்குக் கரிப்பட்டமுறிப்பு வயலைச் சொன்னேன்.
இங்கே யானைகள் சண்டை பிடிப்பதில்லை, ஐயா.
நெல் குடலையாக இருக்கும்போது
ஒன்று தெற்கு வரம்பால் இறங்கும்.
அந்தச் சத்தம் கேட்டு
மற்றது வடக்கு வரம்பால் இறங்கும்.
பசியா, பயமா, அதுகளுக்கும் தெரியாது.
ஒன்றையொன்று தொடாது.
நடுவில் ஒரு முழம் விட்டுத்தான் தின்னும்.
விடியவந்து அந்த ஒரு முழத்தைத்தான்
நிவாரணம் என்று எங்களுக்கு அளந்து தருவார்கள்.

அவர் எழுதிக்கொண்டார்.
யார் மேல் உங்களுக்குக் கோபம் கூட என்றார்.
கொப்பி மேல் என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.
‘ஆழ்ந்த’ என்ற சொல்லை இன்றைக்கும்
கிணற்றுக்குக்கூட நான் பாவிப்பதில்லை.

ரயில் போய்விட்டது.
ஜன்னலில் ஒரு குழந்தை
எனக்கோ, எருமைக்கோ கை காட்டிற்று.
கல் ஏற்றின லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
பிந்தினால் இரண்டு பக்கமும் எனக்குத்தான் பேச்சு.
தடி இரவு மழையில் ஊறியிருக்கிறது.
தூக்க இரண்டு கையும் வேணும்.